நான்காம் எண் கருவிக்கு வழியனுப்பு விழா

பொன்னிவளம் பாலிடெக்னிக்கில் ஒரு பொருள் தன் இஷ்டத்துக்குப் பழுதாகிவிட முடியாது. அதற்குப் படிவம் இருக்கிறது. படிவம் ஏழு நிறைவேறும் வரை எல்லாப் பொருளும் நல்ல நிலையில் இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும். நூலகத்தின் மின்விசிறி ஒன்று கழன்று மேஜைமேல் விழுந்து நாலு மாதம் ஆகிறது. மூன்றாவது கையெழுத்து இன்னும் வராததால் அது கூரையில் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து புழுங்குகிறது என்று சொன்ன ஒரு மாணவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று.

மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத்தில் வரும் அந்தக் கல்லூரியில், எலக்ட்ரானிக்ஸ் லேபின் உதவியாளர் கனகா. பதினோரு வருடமாகத் தற்காலிகம். வேலையில் சேர்ந்த அன்று கட்டிக்கொண்டு வந்த புடவை பழசாகி, கிழிந்து, மேஜை துடைக்கிற துணியாகி, அந்தத் துணியும் நைந்து போய்விட்டது. வேலை மட்டும் தற்காலிகமாகவே இருந்தது.

நிரந்தரம் என்பது கனகாவுக்குச் சம்பள விஷயம் மட்டுமல்ல. நிரந்தரமானவர்களுக்குத்தான் கல்லூரி வளாகத்தில் குடியிருப்பு. அவள் மன்னார்குடியில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலில் இருந்தாள். கணவன் ராஜசேகர் தரங்கம்பாடியில் இருந்தான். கரைக்குப் பக்கத்தில் சின்னக் கடை போட்டு, மீன்பிடிப் படகுகளின் வயர்லெஸ், ஜி.பி.எஸ்., மீன் காட்டும் கருவி எல்லாவற்றையும் பழுது பார்த்தான். சனிக்கிழமை சாயங்காலம் அவள் பஸ் ஏறுவாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவாள்.

"உனக்கு வீடு குடுத்துட்டாங்கன்னா மறுநாளே கடையைத் தூக்கிட்டு வந்துடுறேன்" என்று ராஜசேகர் கல்யாணமான ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வாரத்துக்கு ஒன்றரை நாள்னு பாத்தா நாம இன்னும் புது ஜோடிதாங்க" என்பாள் கனகா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். பஸ் கிளம்பியதும் அந்தச் சிரிப்பு அடுத்த ஊரான பொறையாறு தாண்டாது.

செய்முறைத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, நான்காம் எண் பவர் சப்ளை படுத்துவிட்டது. சுவரிலிருந்து வரும் முரட்டு மின்சாரத்தை வாங்கி, மாணவர்களின் சர்க்யூட் தாங்குகிற மாதிரி ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட் என்று பக்குவப்படுத்திக் கொடுக்கிற பெட்டி அது. லேபில் ஆறு மேஜை, ஆறு பெட்டி. நான்காம் மேஜையில் இருந்த தஹ்மீனா கையைத் தூக்கினாள்.

"மேடம், இதுக்குள்ள பல்லி இருக்கு."

கனகா காது கொடுத்துக் கேட்டாள். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். மறுபடி இடைவெளி.

"பல்லி இல்லம்மா. எந்திரிக்கப் பாக்குது. முடியல."

உள்ளே ஒரு ஐ.சி. இருக்கிறது. பெட்டியின் வேலை முழுவதையும் அதுதான் தொடங்கி வைக்க வேண்டும். அதற்கு முதல் மூச்சு கொடுப்பது சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு கெபாசிட்டர். அது வறண்டுவிட்டால் ஐ.சி. எழும், மூச்சு போதாமல் விழும், மறுபடி எழும். பதினோரு வருடமாகத் தன் நிரந்தரக் கோப்பும் இப்படித்தான் மாடிக்கு ஏறி இறங்குகிறது என்று கனகாவுக்குத் தோன்றியது. அதற்கும் யாராவது காது கொடுத்தால் டிக் டிக் கேட்கும்.

அரை மணி நேர வேலை. ஆனால் முதலில் பெட்டி பழுதாக வேண்டுமே! அதற்கு மூன்று பேர், அது வேலை செய்யாமல் இருப்பதைத் தலா கால் மணி நேரம் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்: ஸ்டோர் கண்காணிப்பாளர், துறைத் தலைவர், முதல்வர்.

ஸ்டோர் கண்காணிப்பாளர் சௌந்தரநாயகி அம்மாள் வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த அவருக்கு முழங்கால் வலி. ஸ்டூலில் உட்கார்ந்து கால் மணி நேரம் பெட்டியைப் பார்த்தார்.

"எங்க மாமியார் கடைசி காலத்துல இப்படித்தான்டி சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்து டாக்டர் ரகுராமன். துறைத் தலைவர் பதவி ஆறு வருடமாகக் காலி என்பதால் முதல்வரே அதையும் பார்த்துக்கொண்டார். இரண்டு பதவிகளையும் அவர் கலந்ததே இல்லை. துறைத் தலைவராக முதல்வருக்குக் கடிதம் எழுதுவார். முதல்வராக அதை மூன்று நாள் நிலுவையில் வைப்பார். "துறைத் தலைவர் அவசரப்படுகிறார்" என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

துறைத் தலைவராகக் கால் மணி நேரம் கைகட்டி நின்றார். கையெழுத்திட்டார். வெளியே போய், கதவைத் தட்டிவிட்டு முதல்வராக உள்ளே வந்தார்.

"துறைத் தலைவர் பாத்துட்டாரா?"

கனகா திகைத்தாள். "பாத்துட்டாங்க சார்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"அவர் அப்படித்தான். அழுத்தமான ஆள்" என்றார் டாக்டர் ரகுராமன், மெச்சுதலாக.

இரண்டாவது கால் மணி நேரம் முடிந்ததும் கனகா மெதுவாகச் சொன்னாள். "சார், ஒரே ஒரு கெபாசிட்டர்தான். நானே மாத்திடுவேன்."

முதல்வர் அவளைப் பரிவோடு பார்த்தார். வந்திருந்த மாணவர்கள் பக்கம் திரும்பி, குரலை மேடைக்கு ஏற்றினார்.

"கனகாம்மா, பழுதுபார்ப்பது நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. நிர்வாகத்தில் இல்லை. பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிற ஒரு கல்லூரி தானே பழுதுபார்க்க ஆரம்பித்தால், அப்புறம் எதைக் கற்றுக்கொடுப்பது? நாங்கள் உயர்சிறப்பு மையம் என்ற தகுதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, 'இந்த ஆண்டு எத்தனை கருவிகள் புதிதாக வாங்கினீர்கள்?' என்பது. எத்தனை கருவிகள் வேலை செய்கின்றன என்ற கேள்வி எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்."

மாணவர்கள் வழக்கம்போல் கைதட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடியில், குழம்புக்கு வாங்கின கிழங்கான் மீனை ஆய்ந்துகொண்டே கனகா இதைச் சொன்னாள். ராஜசேகர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்து போய், பழைய மாத்திரை டப்பாவில் இரண்டு கெபாசிட்டர் போட்டு அவள் கைப்பையில் வைத்தான்.

"திறந்த பெட்டியை பல்பு இல்லாம போட்டுடாதே" என்றான்.

"எனக்கே சொல்றீங்களா?" என்றாள் கனகா.

அந்தப் பல்புதான் அவர்களைச் சேர்த்து வைத்தது. பழுது பார்க்கிறவர்கள் திறந்த பெட்டிக்கு மின்சாரத்தை நேரே கொடுக்கமாட்டார்கள். நடுவில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைக் கோத்துவிடுவார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பெட்டி தப்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி, மங்கிவிடும். அப்பாவின் படகு வயர்லெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு கனகா முதன்முதலில் ராஜசேகர் கடைக்குப் போனபோது, அவன் சுவிட்சைப் போட்டதும் பல்பு பகல் மாதிரி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய ஷார்ட் என்று அவன் சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் யாராவது சத்தம் போட்டால் மற்றவர், "பல்பு எரியுது, பல்பு எரியுது" என்பார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கனகா ஸ்டோருக்குப் போனாள்.

"அக்கா, நூறு வாட் குண்டு பல்பு ஒண்ணு வேணும்."

"எல்லாத்தையும் கழிச்சுக் கட்டியாச்சு, எல்.இ.டி. வந்த வருஷமே" என்ற சௌந்தரநாயகி அம்மாள், கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, பீரோவின் அடித்தட்டிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தார். "ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தேன். எதுக்குன்னு கேக்காதே, எனக்கே தெரியாது. உடைக்காம கொண்டா."

லேபுக்கு வெளியே, வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சுக் குரல் வந்தது. கனகா பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர் கோபத்தை அடக்கி வைத்துக்கொண்டிருக்கும். ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து அதை ஆற்றினாள். மூடியைக் கழற்றி, சின்ன கெபாசிட்டரைச் சூடு காட்டி எடுத்தாள். அதன் அடியில் பழுப்புக் கசிவு. புதியதை வைத்துப் பற்றவைத்தாள். பல்பைக் கோத்து சுவிட்சைப் போட்டாள்.

பல்பு பளிச்சென்று மின்னி, மங்கியது. பெட்டியின் முகத்தில் சிவப்பு எண்கள் எழுந்து உட்கார்ந்தன. டிக் இல்லை.

சாதம் ஆறியிருந்தது. அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டு வெகுநாள் ஆயிற்று.

புதன்கிழமை அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. 'நான்காம் எண் கருவி பழுது எனக் கோப்பு நடந்துகொண்டிருக்கும் நிலையில், அதை இயங்கச் செய்து கோப்பின் உண்மைத்தன்மைக்குக் குந்தகம் விளைவித்தது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்.'

'மாணவர்களுக்குத் தேவைப்பட்டது' என்று கனகா எழுதினாள்.

'இக்காரணம் விதிகளில் இல்லை. நிபுணர் குழு ஆய்வுக்கு வருவதற்குள் கருவியைப் பழைய பழுதுநிலைக்கு மீட்டு ஒப்படைக்கவும்' என்று பதில் வந்தது.

கனகா அதை மூன்று முறை படித்தாள். வறண்ட கெபாசிட்டர் அவள் பென்சில் டப்பாவில்தான் இருந்தது. திரும்ப வைத்துவிடப் பத்து நிமிடம் போதும். டப்பாவைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். ராஜசேகருக்கு போன் போட்டாள்.

"கெடுத்துக் குடுன்னு சொல்றாங்க."

மறுமுனையில் கடல் இரைந்தது. அவன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நீ என்ன நினைக்கிறே?"

"எனக்குக் கை வரமாட்டேங்குது."

"அப்ப விடு. கை சொல்றதக் கேளு."

கனகா வெள்ளைத்தாள் எடுத்தாள். 'நல்லதைக் கெடுக்க எனக்குப் பயிற்சி இல்லை. பயிற்சி உள்ளவர்களை அனுப்பி வைக்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, தபால் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கொடுத்தாள். சௌந்தரநாயகி அம்மாள் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கல்லூரி அந்தக் கடிதத்தைக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டது. பயிற்சி உள்ளவர் வந்தார். பெயர் சாய்ராம். நிபுணர் குழுவின் தலைவர். குழுவில் மற்ற இருவர் டாக்டர் ரகுராமனும் டாக்டர் ரகுராமனும்.

சாய்ராம் பதினான்கு கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான கருவிகளைக் கழித்துக்கட்டியவர். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. பெட்டியைத் திறக்கச் சொன்னார். கனகா திறந்தாள். உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"தூசு" என்றார். குழு குறித்துக்கொண்டது.

"போட்டுக் காட்டுங்க."

திறந்த பெட்டியல்லவா, கனகா வழக்கப்படி பல்பைக் கோத்தாள். சுவிட்சைப் போட்டாள். பல்பு மின்னியது; மங்கியது. அவள் மனம் குளிர்ந்தது.

சாய்ராம் பெருமூச்சு விட்டார்.

"பாத்தீங்களா? பல்பு எரியப் பாத்தது. இந்தக் கருவியால் அதுக்கு மின்சாரம் குடுக்க முடியல. பாவம், அணைஞ்சுபோச்சு."

கனகாவுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் வாய் தானாகத் திறந்தது. "சார், பல்புக்கு இது குடுக்கல. பல்பு வழியாத்தான் இதுக்கு வருது. மங்கினாதான் நல்லது. எரிஞ்சாத்தான் கோளாறு."

"எரிஞ்சா கோளாறு, எரியலன்னா நல்லது. அப்படித்தானே?" என்று சாய்ராம் மற்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷ அனுபவத்துல இப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை."

"சார், இங்க பாருங்க. பன்னிரண்டு வோல்ட் காட்டுது."

"யார் காட்டுவது?"

"இந்தப் பெட்டிதான் சார்."

"குற்றம் சாட்டப்பட்டவரே தனக்கு நற்சான்று குடுத்தா அதை ஆதாரமா எடுத்துக்க முடியுமாம்மா?" என்றார் சாய்ராம் இதமாக. 'பல்பு சோதனையில் கருவி தோல்வி' என்று எழுதினார். டாக்டர் ரகுராமன் இரண்டு இடத்தில் கையெழுத்திட்டார்.

இன்னும் ஒரே ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. 'பழுது நீக்க இயலாது என நேரில் கையாண்ட ஊழியர் சான்றளிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே. முதல்வர் கனகாவைத் தம் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

மேஜைமேல் இரண்டு காகிதங்கள் பக்கம்பக்கமாக இருந்தன. ஒன்று அந்தச் சான்று. மற்றது அவளுடைய நிரந்தரக் கோப்பு. கடைசிப் பக்கம் வரை வந்திருந்தது. முதல்வர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"கனகாம்மா, நான் நேர்மையானவன். ஒண்ணுக்கு ஒண்ணு என்று பேரம் பேசமாட்டேன். இரண்டு காகிதமும் ஒரே நாளில் ஒரே மேஜையில் இருக்கின்றன. அது தற்செயல். நீங்கள் முதலில் போடுகிறீர்கள், நான் அடுத்துப் போடுகிறேன். அது வரிசை. தற்செயலும் வரிசையும் சேர்ந்ததுதான் நிர்வாகம்."

கனகா இரண்டாவது காகிதத்தைப் பார்த்தாள். அந்தப் பென்சில் குறிக்குப் பின்னால் ஒரு சமையலறை தெரிந்தது, இரண்டு தட்டு தெரிந்தது, செவ்வாய்க்கிழமை தெரிந்தது. ராஜசேகரோடு ஒரு செவ்வாய்க்கிழமைகூட அவள் இருந்ததில்லை.

"சார், பெட்டி ஓடுது. ஓடுற பெட்டியை நான் எப்படி சார் ஓடலன்னு எழுதுறது?"

"ஓடுவது ஓடாதது அறிவியல். எழுதுவது நிர்வாகம். அறிவியலை நிர்வாகத்தில் கலந்தால் எந்தக் கல்லூரியும் நிலைக்காது."

"அந்த லேபுல பதினோரு வருஷமா பசங்களுக்கு ஒண்ணுதான் சார் சொல்றேன். மீட்டர் என்ன காட்டுதோ அதை எழுது, உனக்கு என்ன வேணுமோ அதை எழுதாதேன்னு." எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை. "நான் போடமாட்டேன் சார்."

முதல்வர் வருத்தப்பட்டார். துறைத் தலைவராகவும் வருத்தப்பட்டார். 'ஊழியர் உணர்ச்சிவசப்பட்ட நிலையில் இருந்ததால் கையெழுத்து பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது' என்று எழுதி விஷயத்தை முடித்தார். நிரந்தரக் கோப்பிலிருந்த பென்சில் குறியை மட்டும் ரப்பரால் அழித்தார். நிதானமாக, தூள் ஊதி.

சனிக்கிழமை பஸ்ஸில் அவள் அழுதுகொண்டே போனாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். "போடலீங்க. வீடு போச்சு."

ராஜசேகர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கோபப்படுவானோ என்று அவளுக்கு ஒரு கணம் பயம். "பல்பு மங்கித்தானே இருக்கு?" என்றான்.

"மங்கித்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? மீன் வறுபடுது, கையக் கழுவிட்டு வா."

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கல்லூரி அரங்கில் 'கருவி வழியனுப்பு மற்றும் புதுக்கருவி வரவேற்பு விழா' நடந்தது. புதுக்கருவி இன்னும் வரவில்லை. அது எந்த நாட்டில் இருக்கிறது என்றும் தெரியவில்லை. அதனால் அதன் படத்தைப் பத்தடி உயர ஃப்ளெக்ஸில் அச்சடித்து, திரை போட்டு மூடி, சாய்ராமை விட்டுத் திறக்க வைத்தார்கள். மேடை நடுவே சிவப்புத் துணி விரித்த மேஜையில் நான்காம் எண் பெட்டி இருந்தது. அதற்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பணி ஓய்வு பெறுகிறவர்களுக்குப் போர்த்துகிற பொன்னாடையையும் முதல்வர் போர்த்தினார். சௌந்தரநாயகி அம்மாள் விழாப் பதிவேட்டோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எந்த விழாவிலும் நடப்பதை நடந்தபடி எழுதுவது அவர் பொறுப்பு. பிறகு யாரும் அதைப் படிப்பதில்லை.

மைக் செட் கனகா பொறுப்பு. ஆட்டோவில் கட்டி ஊர் சுற்றுகிற ரகத்து ஆம்ப்ளிஃபையர், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுவது. புது பேட்டரி கேட்டு அவள் கொடுத்த படிவம் ஏழு இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

முதல்வர் பேசத் தொடங்கி மூன்றாவது நிமிடம் பேட்டரி தீர்ந்தது. அவர் வாய் அசைந்தது; சத்தம் இல்லை. பக்கத்து ரைஸ் மில்லின் இரைச்சல் மட்டும் அரங்கை நிறைத்தது. அவர் கனகாவைப் பார்த்துக் கையை ஆட்டினார், ஏதாவது செய் என்று.

கனகா சுற்றிலும் பார்த்தாள். மேடையில் பன்னிரண்டு வோல்ட் தரக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எழுந்து மேடை ஏறினாள். எல்லோரும் பார்க்கத்தான் ஏறினாள். ஒளித்துச் செய்ய அவளுக்கு என்ன வந்தது? பொன்னாடையை விலக்கி, பெட்டியின் பிளக்கைச் சுவரில் மாட்டினாள். பேட்டரியிலிருந்த இரண்டு ஒயரையும் கழற்றி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் முறுக்கினாள். திருகைப் பன்னிரண்டுக்கு வைத்தாள்.

"...ஹலோ, ஹலோ. ஆ, வந்துவிட்டது" என்றது ஒலிபெருக்கி. முதல்வர் எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. தமக்கு வர வேண்டியது எப்படியும் வரும் என்ற பழக்கம். "எங்கே விட்டேன்? இதோ, இந்தக் கருவி. நண்பர்களே, இது செத்துவிட்டது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, துறைத் தலைவரும் சொல்கிறார்! இதனிடமிருந்து இனி ஒரு துளி மின்சாரம் வராது!"

சாமந்திப் பூக்களுக்கு நடுவே சிவப்பு எண்கள் பளபளத்தன. அவர் குரல் உயரும்போதெல்லாம் ஆம்பியர் எண்ணும் உயர்ந்தது. 'செத்துவிட்டது' என்றபோது ஒன்று புள்ளி எட்டு. 'ஒரு துளி' என்றபோது மூன்றைத் தாண்டியது. முன்வரிசையில் தஹ்மீனாதான் முதலில் கவனித்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. ரசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு முதல்வர் இன்னும் உரக்க முழங்கினார். நாலு புள்ளி இரண்டு.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் கனகா. சுவிட்சை அணைத்தாள்.

அரங்கம் ஊமையாயிற்று. ரைஸ் மில் மட்டும் இரைந்தது.

"ஏம்மா நிறுத்தினீங்க?" என்று கத்தினார் முதல்வர். மூன்றாவது வரிசைக்கு அது எட்டவில்லை.

கனகா தன் சொந்தக் குரலில் பேசினாள். கடற்கரையில் படகைக் கூப்பிட்டு வளர்ந்த குரல். கடைசி வரிசை வரை கேட்டது.

"செத்துப்போச்சுன்னு சொன்னீங்க சார். செத்தது மேல ஒயர் மாட்டிப் பேசுறது மரியாதை இல்லைன்னு எடுத்துட்டேன். இல்ல, உயிரோட இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே போட்டுடுறேன்."

முதல்வர் சாய்ராமைப் பார்த்தார். சாய்ராம் தம் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். ஒரு வார்த்தைதான், ஆனால் அது எந்த விதியிலும் இல்லாத வார்த்தை. முதல்வர் மைக் இல்லாமலே மீதி உரையை நிகழ்த்தினார். அவர் உதடுகள் இருபத்தைந்து நிமிடம் அசைந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை விழாப் பதிவேடு முதல்வர் மேஜைக்குப் போயிற்று. சௌந்தரநாயகி அம்மாள் தம் உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'முதல்வர் அவர்களின் உரையில் கேட்ட பகுதி நான்காம் எண் கருவியின் மின்சாரத்தால் ஒலித்தது. கோப்பின்படி அக்கருவி மின்சாரம் தராது. ஆகவே அப்பகுதி ஒலித்ததாகக் கொள்ள இயலாது. எஞ்சிய பகுதி எவர் காதிலும் விழவில்லை. ஆகவே உரை நிகழவில்லை. வழியனுப்பு உரை நிகழாததால் வழியனுப்பு நிறைவேறவில்லை. நான்காம் எண் கருவி வழக்கம்போல் லேபில் உள்ளது.'

டாக்டர் ரகுராமன் அதை முதல்வராக ஒருமுறை படித்தார். துறைத் தலைவராக ஒருமுறை படித்தார். இருவராலும் அதில் பிழை காண முடியவில்லை. கையெழுத்திட்டார்கள்.

"அக்கா, உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போவுது" என்றாள் கனகா.

"எனக்கென்னடி, இன்னும் ரெண்டு வருஷம். நான் பழுதுன்னு படிவம் ஏழு போட்டாலும் அது முடியறதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன்" என்றார் சௌந்தரநாயகி அம்மாள். "அந்தப் பல்பை நீயே வச்சுக்க."

செய்முறைத் தேர்வில் ஆறு மேஜையிலும் ஆறு பெட்டி ஓடின. தஹ்மீனா நான்காம் மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கனகாவின் கோப்பு மட்டும், 'ஊழியர் நிரந்தரத்துக்குரிய பக்குவம் அடையவில்லை' என்ற குறிப்போடு கீழே இறங்கி வந்தது.

அதைப் படித்த சாயங்காலம் அவள் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வரவில்லை, ஒரு குட்டியானை வேன் வந்து நின்றது. பின்னால் மேஜை, ஸ்டூல், இரும்பு அலமாரி, படகுகளிலிருந்து கழற்றிய பதினைந்து இருபது வயர்லெஸ் பெட்டிகள். முன்சீட்டில் ராஜசேகர்.

"என்னங்க இது?"

"மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சாச்சு. படகெல்லாம் கரையில. பெட்டியெல்லாம் ரிப்பேருக்கு வந்துது. அதை எங்க உக்காந்து பாத்தா என்ன? தெப்பக்குளம் வடகரையில மாடி வீடு ஒண்ணு பாத்திருக்கேன். கீழ கடை."

"நிரந்தரம் ஆகலையே. இறக்கிட்டாங்க. இங்க பாருங்க." காகிதத்தை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. "ஒன்பது வருஷமா அவங்க கையெழுத்துக்கு உக்காந்திருந்தேன் பாரு, நான்தான் மடையன். நீ அவ்வளவு பெரிய ஆபீசர் முன்னாடி முடியாதுன்னுட்டு எந்திரிச்சு வர்றே. எனக்கு ஒரு கடையைத் தூக்கிட்டு வர முடியாதா? ஏறு."

"தடைக்காலம் முடிஞ்சா?"

"பெட்டிய பஸ்ஸுல போட்டு அனுப்பட்டும். நல்லாப் பாக்குறவனைத் தேடி மன்னார்குடிக்கு வர்றதுக்கு என்ன? ஏறுங்கிறேன்ல."

கனகா ஏறினாள். அன்று செவ்வாய்க்கிழமை.

வடகரை வீட்டில் மேஜையை இறக்கிப் போட்டதும், வேறெதையும் பிரிக்காமல், கைப்பையிலிருந்து துணி சுற்றிய பல்பை எடுத்தாள் அவள். ராஜசேகர் ஒரு வயர்லெஸ் பெட்டியைத் திறந்து வைத்து, அதன் பவர் சப்ளைக்கு ஒயரை மாட்டினான். அவள் சுவிட்சைப் போட்டாள். பல்பு பளிச்சென்று மின்னி, இருவர் முகத்தையும் ஒருமுறை காட்டிவிட்டு, மங்கியது.

நிபுணர்கள் யாரும் அருகில் இல்லாததால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.